குட்டி டிராகுலாவும் ஒரு மதிப்புரையும்

நான்கு வருஷங்களுக்கு முன் இதே பத்திரிகையில் நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். இரண்டு பக்கம். 24 கவிதைகள் கொண்ட சிறு புத்தகம் அது. அதற்கு முன் அவர் வெளியிட்டிருந்த இரண்டு தொகுப்புகளும் நோயையும் சாவையும் பற்றியவை. வாசகனுக்கு எந்தச் சலுகையும் காட்டாதவை. நம்மில் பலர் அவற்றை மதித்தோம். மூன்றாவது புத்தகத்தில் கரண்டி நடந்தது, நிலா ஆபீசுக்குத் தாமதமாகப் போயிற்று, பல்லி ஜாதகம் பார்த்தது. கவிஞர் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார், ஓய்வு முடிந்து வருவார் என்று எதிர்பார்ப்போம் என்று என் மதிப்புரை முடிந்திருந்தது. எழுதியபோது அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அவர் அதற்குப் பிறகு எதையும் வெளியிடவில்லை.

அந்த மதிப்புரை தவறு என்று இப்போது நினைக்கிறேன். அப்படி நினைக்க நேர்ந்ததற்கு உடனடிக் காரணம் ஒரு ஜப்பானிய வீடியோ விளையாட்டு. இந்தப் பக்கங்களில் இப்படி ஒரு விஷயம் வருவது சிலருக்கு எரிச்சல் தரலாம். அவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். கவிதைகள் எப்படியும் இருக்கும்.

நேமத்தான்பட்டியில் என் அப்பா ஒரு செட்டியார் வீட்டுக்குக் காவல். காவல் என்றால் இரவுக் காவல் மட்டுமில்லை. கூட்டுவது, ஒட்டடை அடிப்பது, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது, மழைக்கு முன் ஆள் வைத்து ஓடு மாற்றுவது, வீட்டுக்காரர்கள் கல்யாணம் காட்சிக்கு வந்தால் கிணற்றடியிலிருந்து அடுப்படி வரை தயார் செய்வது எல்லாம். ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலும் உள்ள வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு. பூட்டுக்கு உரியவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். சாவிகள் அப்பாவின் இடுப்பில் இருந்தன.

தூண்கள் பர்மாத் தேக்கு. முகப்புச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பூவேலைச் சதுரங்கள் பதித்திருக்கும். பர்மாவில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்த பணத்தில் கட்டியது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் செட்டிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் கதை திசை மாறியது. கொடுத்த கடனும் வாங்கிய நிலமும் அங்கேயே நிற்க, ஆட்கள் கிடைத்த வழியில் ஊர் திரும்பினார்கள். வீடு நின்றது. சுவரில் ஜப்பான் சதுரங்களும் நின்றன. இதிலுள்ள கேலியை எனக்கு முதலில் சொன்னவர் அப்பாதான். "சுவத்துல இருக்கவனே உள்ள பூந்து கல்லாவத் தூக்கிட்டான்" என்பார், துடைத்துக்கொண்டே.

1998 மே மாதம் அந்த வீட்டுப் பேரன்களில் ஒருவன் லீவுக்கு வந்தான். என் வயது. தொலைக்காட்சியோடு இணைக்கிற ஒரு பெட்டியும் நாலைந்து கேசட்டுகளும் கொண்டுவந்திருந்தான். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற கருவியின் மலிவான நகல் அது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு அதன் பெயர் டிவி கேம். ஒரு கேசட்டின் மேல் பல்லாயிரம் ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களே பெயர் மாற்றிப் பெயர் மாற்றி வரும். ஒரே ஆட்டம் மட்டும் உள்ள கேசட்டுகளே மதிப்பானவை. அவனிடம் அப்படி இரண்டு இருந்தன. இரண்டிலும் டிராகுலா.

முதலாவது, கொனாமி நிறுவனம் 1986-இல் ஜப்பானில் வெளியிட்ட 'அகுமாஜோ டிராகுலா'. பேய்க்கோட்டை டிராகுலா என்று சொல்லலாம். வெளிநாடுகளில் 'காஸில்வேனியா' என்று பெயர். சைமன் பெல்மான்ட் என்பவன் கையில் சவுக்கோடு கோட்டைக்குள் நுழைகிறான். எலும்புக்கூடுகளையும் வௌவால்களையும் கடந்து, உச்சியில் சவப்பெட்டியில் கிடக்கும் பிரபுவைக் கொல்ல வேண்டும். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய நாவலும் அதன்பின் வந்த பேய்ப் படங்களும் சேர்ந்து திரண்ட கசடு அதில் இருக்கிறது. கோட்டை இருட்டு, கிழிந்த திரைச்சீலை, நீண்ட படிக்கட்டு. எங்களுக்குப் பின்னால் நிஜமாகவே இருட்டும் நீண்ட தாழ்வாரமும் பூட்டிய அறைகளும் இருந்தன. நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்காமல் விளையாடினோம்.

இரண்டாவது, அதே நிறுவனம் 1990-இல் வெளியிட்ட 'போகு டிராகுலா-குன்'. 'நான்தான் டிராகுலாப் பையன்' என்பது போன்ற தலைப்பு. அதே கோட்டை. ஆனால் நாயகன் டிராகுலாவேதான், பெரிய தலையும் குட்டி உடம்புமாக ஒரு சிறுவன். பத்தாயிரம் வருஷம் தூங்கி எழுகிறான். தூங்கிய நேரத்தில் காலமோத் என்ற ராட்சசன் ஒருவன் தானே இனி ராஜா என்று அறிவித்துவிட்டான். விழித்த பையன் போர்வையை உதறிவிட்டு அதைக் கேட்கப் போகிறான். வழியில் மேகம், கடல், எகிப்து, பனி, விண்வெளி எல்லாம் வருகின்றன. நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை வழிமறிக்கிறாள். அவளோடு சண்டை கிடையாது, வினாடி வினா. சரியான விடைகளைச் சொன்னால் போகலாம். எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருந்ததால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கித்தான் அவளைத் தாண்டினோம். பின்னாளில் வங்கித் தேர்வு எழுதியபோதும் சில கேள்விகளுக்கு இந்த முறையைக் கையாண்டிருக்கிறேன்.

அந்த மே மாதத்தின் இன்னொரு நினைவு அப்பாவுடையது. தினமும் ஆறரை மணிக்கு டார்ச் விளக்கோடு உள்ளே போய் ஒவ்வொரு கட்டாகப் பூட்டிக்கொண்டு வருவார். மூன்றாங்கட்டின் கடைசி அறைக்கு எதிரே, பல வருஷங்களுக்கு முன் இறந்துபோன பெரிய ஆச்சியின் படம் மாட்டியிருந்தது. அந்த அறையைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. எழுத வேண்டியதில்லை, அந்த மாதிரி வீடுகள் எல்லாவற்றுக்கும் அந்த மாதிரி ஒரு கதை உண்டு. பகலில்கூட அந்தப் பக்கம் யாரும் தனியாகப் போகமாட்டார்கள். அப்பா படத்துக்கு முன் நின்று சத்தமாகச் சொல்வார்: "ஆச்சி, எல்லாம் பூட்டியாச்சு. நீங்க மட்டும் முழிச்சுக்கிட்டு இருங்க. சம்பளம் எனக்கு, காவல் உங்களுக்கு." பிறகு சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வருவார். நாங்கள் முகப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். சென்னைப் பையன் ஒவ்வொரு நாளும் சிரிப்பான். எனக்குக் கூச்சமாக இருக்கும். அப்பாவுக்கு விவரம் போதாது என்று நினைத்தேன்.

அதன்பின் நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன், வங்கியில் குமாஸ்தா ஆனேன், விமரிசனம் எழுதத் தொடங்கினேன். பகலில் நகைக்கடன் வரிசை, இரவில் காஃப்கா. நம்மில் பலருடைய வாழ்க்கை இதே மாதிரியானதுதான். இந்த வாழ்க்கையில் தீவிரம் என்பதற்கு ஒரு தனி மரியாதை வந்துவிடுகிறது. கவுன்டரில் நாள் முழுக்க அற்பங்களோடு மாரடிப்பவன், வாசிக்க உட்காரும்போது பாதாளத்தையே கேட்கிறான். இருட்டு ஆழம் என்றும் வெளிச்சம் மேலோட்டம் என்றும் ஒரு கணக்கு எனக்குள் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. யார் எழுதினார்கள் என்று நான் கேட்டதில்லை.

கல்லூரியில் 'மாக்பெத்' நடத்தியபோது, டங்கன் கொலையானதும் வரும் வாயிற்காவலன் காட்சியை எங்கள் ஆசிரியர் தாண்டிப் போனார். குடிகாரக் காவலன் நரகத்தின் வாசல் காப்பவனாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு உளறுகிற காட்சி. அதை ஷேக்ஸ்பியர் எழுதியிருக்க மாட்டார், கும்பலைத் திருப்திப்படுத்த வேறு யாரோ சேர்த்தது என்று கோல்ரிட்ஜே கருதினார். எங்கள் ஆசிரியருக்கு நல்ல துணை. 1823-இல் டி குவின்சி அந்த இடத்துக் கதவு தட்டும் ஓசையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அந்தத் தட்டலில்தான் கொலையின் உலகம் முடிந்து மனித உலகம் திரும்புகிறது, அது வரை நாம் எங்கே இருந்தோம் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது என்பது அவர் கருத்தின் சாரம். இந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். நண்பரின் கவிதைகளுக்கு முன்னால் அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். 2019-இல் கொனாமி தன் பழைய காஸில்வேனியா ஆட்டங்களைத் தொகுத்து மறுவெளியீடு செய்தது. ஜப்பானுக்கு வெளியே அதுவரை முறையாக வந்திராத அந்த 1990 ஆட்டமும் அதில் ஆங்கிலத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. சென்ற வருஷம் அதைக் கணினியில் வாங்கி எட்டு வயது மகளுக்குக் காட்டினேன். முதலில் 1986 ஆட்டம். பத்து நிமிஷத்தில் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். பேயைக் கண்டு பயந்தாளா என்று கேட்டேன். "பேய் ஒண்ணும் இல்லப்பா. இதுல குதிச்சா திரும்ப முடியல" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் விமரிசனம் என் மதிப்புரைகள் எதிலும் இல்லை என்றே நினைக்கிறேன். அந்த ஆட்டத்தில் சைமன் குதித்துவிட்டால் குதித்ததுதான். அந்தரத்தில் திசை மாற்ற முடியாது. எதிரே வௌவால் வருவது தெரிந்தும் அதை நோக்கியே போக வேண்டும். அடிபட்டால் பின்னால் தூக்கி எறியப்படுவான். பின்னால் பள்ளம் இருந்தால் முடிந்தது. ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற கருவியின் திரை 256-க்கு 240 புள்ளிகள். ஓர் உருவத் துண்டுக்கு மூன்று நிறத்துக்கு மேல் கிடையாது. அந்தப் புள்ளிக் கோலத்தில் ரத்தமோ பிணமோ யாரையும் நடுங்கவைக்க முடியாது. பயம் படத்தில் இல்லை, குதிப்பின் விதியில் இருக்கிறது. எடுத்த முடிவைத் திரும்பப் பெற முடியாது என்ற விதியில்.

குட்டி டிராகுலாவைப் போட்டுக் கொடுத்தேன். சிரித்தாள். இங்கே குதித்த பிறகும் திரும்பலாம். சற்று நேரம் வௌவாலாக மாறிப் பறக்கலாம். போகப் போக ஒரு சக்தி கிடைக்கிறது: தலைகீழாகக் கூரையில் நடப்பது. முதல் கட்டத்தில் ஒலிக்கும் இசை, 1989-இல் வந்த, தொடரின் இருண்ட ஆட்டங்களில் ஒன்றான மூன்றாவது ஆட்டத்தின் தொடக்க இசையேதான், துள்ளலாக மாற்றியமைத்தது. அதே கோட்டை, அதே மெட்டு, அதே கருவி. மாறியிருப்பது அசைவின் விதி. இதைக் கனமான ஆட்டத்தில் தண்ணீர் ஊற்றிக் கலக்கியது என்று சொல்ல முடியாது. மூல ஆட்டம் எந்த இடத்தில் பயத்தை வைத்திருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்து, அந்த ஒரு முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள். மூலத்தைப் பற்றிய கச்சிதமான வாசிப்பு அது.

ஒப்பிட இன்னொன்று இருக்கிறது. நாம்கோ நிறுவனத்தின் 'ஸ்ப்ளாட்டர்ஹவுஸ்' 1988-இல் கடைகளில் காசு போட்டு விளையாடும் பெட்டியாக வந்தது, கொடூரமானது. மறு வருஷமே அதன் குறும்பு வடிவம் ஃபேமிலி கம்ப்யூட்டருக்கு வந்தது. முகமூடி போட்ட நாயகன் குட்டியாகி, கல்லறையிலிருந்து எழுந்து வருகிறான். முதல் கட்டத்திலேயே ஒரு ரத்தக்காட்டேரி மைக்கேல் ஜாக்ஸன் மாதிரி ஆடுகிறது. முடிவில் ஓர் இயக்குநர் தோன்றி, நடந்ததெல்லாம் படப்பிடிப்பு என்றாகிவிடுகிறது. இது இரண்டாம் தரமான லேசு என்பது என் எண்ணம். பயப்படாதே, பொய்தான் என்று சொல்லிவிடுகிறது. குட்டி டிராகுலா அப்படிச் சொல்வதில்லை. கோட்டை அங்கே பொய்யில்லை. அது அவன் வீடு.

படப்பிடிப்பு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைச் சினிமாவுக்கு வாடகைக்கு விடுவது வழக்கமாகிவிட்டது. சில வருஷங்களுக்கு முன் அப்பா காவல் இருந்த வீட்டிலும் ஒரு பேய்ப் படத்துக்கு நாலு நாள் வந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக, முப்பது வருஷமாக அவர் ஒட்டடை அடித்து வைத்திருந்த தூண்களில் ஏதோ ஒரு பசையை ஊதி நூலாம்படை கட்டினார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரவில் எல்லோரும் காரைக்குடி லாட்ஜுக்குப் போனதும் பழக்கதோஷத்தில் அத்தனையையும் அடித்துச் சுத்தம் செய்துவிட்டார். மறுநாள் ஒரே ரகளை. "வீடு பழசுதான் தம்பி, அழுக்கு இல்ல" என்றாராம் மேனேஜரிடம்.

இந்தக் கதையை நான் பல வருஷம் நகைச்சுவையாகவே சொல்லிவந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கூரையில் நடக்கும் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதில் இரண்டு விதமான ஆட்கள் இருப்பது உறைத்தது. சைமன் பெல்மான்ட் வெளியிலிருந்து கோட்டைக்கு வருகிறவன். வேலை முடிந்ததும் போய்விடுவான். கோட்டை அவன் பின்னால் இடிந்து விழும். அவனுக்கு இருட்டு வேண்டும், நூலாம்படை வேண்டும். சினிமாக்காரர்களும் அப்படியே. பேய்வீட்டைப் பற்றிப் படிக்கிற நானும் அப்படியே. உள்ளேயே குடியிருப்பவனுக்கு அது கட்டாது. அறுபது அறைகளைத் தனி ஆளாக இரவில் பூட்டிவிட்டு, காலையில் அவற்றைத் திறக்க வேண்டியவன் ஆச்சியின் படத்தோடு சம்பளப் பேச்சு பேசியாக வேண்டும். அப்பாவுக்கு அந்த அறையைப் பற்றிய பயம் இல்லாமல் இல்லை. இருந்தது என்று அவரே பின்னால் சொன்னார். பயம் ரொம்ப இருந்த நாட்களில் ஆச்சியிடம் இரண்டு வாக்கியம் கூடுதலாகப் பேசுவாராம்.

நம் மொழியில் இதற்கு முன்னோடிகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணக்குவியலின் நடுவே பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. செத்த வீரர்களின் பல் அரிசி, முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை. குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் பார்ப்பனப் பேயும் வரிசையில் உட்கார்ந்து பரிமாறச் சொல்கின்றன. ஜெயங்கொண்டார் அங்கே போரிலிருந்து நமக்கு இடைவேளை தரவில்லை. பேய்களுக்கு அந்தக் களம் அடுப்படி. அவை அங்கே வசிப்பவை. 'காஞ்சனை'யை எழுதிய புதுமைப்பித்தன்தான் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதினார். சென்னைத் தெருவில் இறங்கி வந்த கடவுளைக் காபி குடிக்கவைத்து, பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கட்டவைக்கிறார் கந்தசாமிப் பிள்ளை. ஆயுள் சந்தா என்பது யாருடைய ஆயுளுக்கு என்ற கேள்வி, பத்திரிகை நடத்திய அனுபவமுள்ள நம் நண்பர்களுக்குச் சிரிப்பை மட்டும் தரும் விஷயமல்ல. ஆனாலும் நம் வட்டத்தில் முதல் கதைக்கு ஒரு குரலும் இரண்டாவதற்கு வேறொரு குரலும் வைத்திருக்கிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசும்போது நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறோம்.

கொனாமியின் கதையில் இன்னொரு தகவல் உண்டு. குட்டி டிராகுலாவின் எதிரியாகக் கேலிக்கு உண்டாக்கப்பட்ட அந்தக் காலமோத், 1997-இல் வெளியான 'சிம்ஃபனி ஆஃப் த நைட்' என்ற ஆட்டத்தில் திரும்பி வருகிறான். தொடரிலேயே பெரிதும் மதிக்கப்படும், சிரிப்புக்கு இடமில்லாத ஆட்டம். அதில் தலைகீழான கோட்டை ஒன்றின் உச்சியில், திரையில் அடங்காத உயரத்தில் அவன் நிற்கிறான். விளையாடுபவர்கள் மிகவும் அஞ்சும் எதிரிகளில் ஒருவன். கனமான தொடர் தன் பயத்துக்கு ஓர் உருவத்தைக் குழந்தைகளின் ஆட்டத்திடமிருந்து கடன் வாங்கியிருக்கிறது. கடன் எப்போதும் ஒரு பக்கமாகவே போகும் என்று நினைத்திருந்த எனக்கு இது பயனுள்ள தகவல்.

இதையெல்லாம் கொண்டு நகைச்சுவையும் இலக்கியமே என்று பட்டிமன்றத் தீர்ப்பு ஒன்றை நான் சொல்ல வரவில்லை. லேசானவற்றில் பெரும்பகுதி வெறும் லேசுதான். கனமானவற்றில் பெரும்பகுதி வெறும் கனம் என்பதைப் போல. நான் சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட புத்தகத்தைப் பற்றி.

நண்பரின் அம்மா போன வருஷம் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் மூன்று வருஷமாக நினைவு தவறிப்போய், பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் இருந்தார் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. நம் நண்பர்கள் யாருக்குமே அவர் சொல்லியிருக்கவில்லை. கவனித்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. சாப்பிட வாயே திறக்கமாட்டாராம். சாயங்காலம் பந்தல் பிரிக்கும்போது திண்ணையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மதிப்புரையைப் பற்றி நானாகத்தான் பேச்செடுத்தேன். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை.

"நீங்க எழுதினது சரிதான்" என்றார். "ஓய்வுதான். அந்த மூணு வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஓய்வு அது ஒண்ணுதான்."

பிறகு உள்ளே யாரோ கூப்பிட எழுந்து போனார். நான் கடைசிப் பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன்.

இங்கே ஒரு விமரிசகனுக்கு உள்ள சங்கடத்தை மறைக்கக் கூடாது. ஆசிரியரின் சொந்த வாழ்க்கைத் துயரம் ஒரு கவிதையை நல்ல கவிதையாக்காது. நானே இந்தப் பக்கங்களில் பல முறை எழுதியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அம்மாவுக்காக எழுதப்பட்டது என்பதற்காக மோசமான கவிதை ஒன்றுக்கு நான் மதிப்பெண் கூட்டிப் போட்டால் அது நண்பருக்கே அவமரியாதை. ஆகவே திரும்பி வந்ததும் நான் தேடியது இரக்கப்படுவதற்கான காரணத்தை இல்லை. புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து படித்தேன். என் மதிப்புரையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மதிப்புரையின் இரண்டாம் பக்கத்தில், உருவம் சார்ந்த ஒரே கண்டனமாக இதை எழுதியிருந்தேன்: 24 கவிதைகளில் 19 கவிதைகள் 'ஆ' என்ற நெடிலில் முடிகின்றன, நிலா, பலா, போகலாமா, தா, வா, இது சலிப்பூட்டும் ஒலிப் பழக்கம். எண்ணிப் பார்த்திருக்கிறேன். பென்சிலால் ஓரத்தில் குறித்த கோடுகள் என் பிரதியில் இன்னும் இருக்கின்றன. எண்ணத் தெரிந்த எனக்கு, அந்தக் கடைசி ஒலியை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லை. சொல்லிப் பார்த்தால் வாய் திறக்கிறது. சொல்பவன் வாயும் திறக்கிறது, பார்த்துக்கொண்டிருப்பவரின் வாயும் திறக்கிறது. பிள்ளைக்கு ஊட்டுகிற எவரும் தன் வாயைத் திறந்துகொண்டேதான் ஊட்டுகிறார்கள். முதல் கவிதை கரண்டி நடந்து வருவது. ஒவ்வொரு கவிதையும் ஆறேழு வரிகளில் ஓர் உருவத்தைத் தூரத்திலிருந்து கிட்டத்தில் கொண்டுவந்து, கடைசி அசையில் அந்த நெடிலில் நிறுத்துகிறது. மற்ற ஐந்து கவிதைகளும் மூடிய மெய்யில் முடிகின்றன. அந்த ஐந்திலும் உருவம் வந்து சேர்வதில்லை. பல்லி ஜாதகம் பார்க்கிற கவிதை அவற்றில் ஒன்று; பல்லி சுவரிலேயே நின்றுவிடுகிறது. அவை சாப்பிடாத நாட்கள்.

இதெல்லாம் புத்தகத்திலேயே இருந்தது. யாரும் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவருடைய முந்தைய இரண்டு தொகுப்புகளின் விதியை வைத்துக்கொண்டு, குதித்தால் திரும்ப முடியாத அந்த விதியை வைத்துக்கொண்டு, இதிலும் பள்ளத்தைத் தேடினேன். இந்தக் கவிதைகளின் விதி வேறு. இவை விழுந்துகொண்டே இருக்கிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கூரையில் நடந்து காட்டுபவை. பள்ளம் எங்கே இருக்கிறது என்று இவற்றுக்குத் தெரியும். சாவைப் பற்றி அவர் எழுதியவற்றில் இதுதான் மிக நெருக்கத்திலிருந்து எழுதியது என்று இப்போது சொல்வேன். சாவு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அப்பா இப்போது வேலையை விட்டுவிட்டார். வீட்டுக்காரர்களுக்குள் பங்குப் பேச்சு நடக்கிறது. முடிந்ததும் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போகும் என்கிறார்கள். சாவியை ஒப்படைத்த அன்று பெரிய ஆச்சியிடம் என்ன சொன்னீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். "கணக்கு முடிஞ்சுது ஆச்சி, இனிமே நீங்களே பூட்டிக்கங்கன்னேன்" என்றார். அன்றைக்கு எனக்குக் கூச்சமாக இல்லை.

வங்கியில் தவறான பதிவை அழிக்கும் வழக்கம் கிடையாது. தவறு அப்படியே இருக்கும். தேதி போட்டு, அதற்கு எதிர்ப்பதிவு ஒன்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்தக் கட்டுரையை அப்படி எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நண்பருக்கு இதை அனுப்பிக் காட்டிய பிறகே ஆசிரியரிடம் கொடுக்கிறேன். போடலாம் என்று ஒரு கார்டு எழுதினார். வேறொன்றும் எழுதவில்லை. பெயர் வேண்டாம் என்றார்.

புத்தகம் விற்கவில்லை. மிச்சப் பிரதிகளில் ஆறு என்னிடம் இருக்கின்றன. வேண்டுகிறவர்கள் ஆசிரியர் மூலம் எழுதினால் அனுப்புகிறேன். தபால் செலவு அனுப்ப வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: வாய்விட்டுப் படியுங்கள்.